பறக்கத் தயங்கிய காலம்: கொழும்புத் தமிழரும் கொவிட் ஆண்டுகளும்

2020 மார்ச் 19ஆம் திகதி அதிகாலை கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் வந்திறங்கும் பயணிகளுக்கு மூடப்பட்டது. மறுநாள் மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காக நிலையம் முறைப்படி மீண்டும் திறக்கப்பட்டது 2021 ஜனவரி 21ஆம் திகதியன்று. இடைப்பட்ட பத்து மாதங்களில் மக்கள் ஏன் பறக்கவில்லை என்று கேட்பதில் பொருளில்லை. கதவு திறந்த பிறகும் அவர்கள் வராததுதான் விளக்கம் வேண்டும் சங்கதி. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2021 முழு ஆண்டிலும் வந்தவர்கள் 194,495 பேர் மட்டுமே. கனேடிய, பிரித்தானிய, சுவிஸ் கடவுச்சீட்டுகளோடு வந்து, கடற்கரை ஹோட்டலுக்குப் போகாமல் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தாய்வீட்டுக்குப் போகும் தமிழரும் இந்தச் சுற்றுலாக் கணக்குக்குள்தான் அடங்குகிறார்கள்.

இந்த இரண்டு பகுதிகளும் விமானப் பயணத்தை நம்பி வாழப் பழகியவை. கொட்டாஞ்சேனை துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரம். பொன்னம்பலவாணேசர் கோயிலும் சாந்த லூசியா பேராலயமும் செட்டியார் தெருவின் நகைக்கடைகளும் சுற்றுவட்டத்தில் இருக்கின்றன. வெள்ளவத்தை காலி வீதியை அண்டி, தெற்கு நோக்கி வளர்ந்த பகுதி. 1983இன் பின்னர், குறிப்பாக 1995இல் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வுக்குப் பிறகு, வடக்கிலிருந்து வெளிநாடு போவோரின் தங்குமிடமாக அது மாறிற்று. விசா நேர்முகம், மருத்துவப் பரிசோதனை, கடவுச்சீட்டு, டிக்கெட் என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கொண்டு லொட்ஜ்கள் நடந்தன. பயண முகவர் நிலையங்களும் பணமாற்றுக் கடைகளும் அவற்றோடு சேர்ந்து பெருகின. பிள்ளைகள் டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்க, பெற்றோர் இங்கே அடுக்குமாடியில் இருப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. கலியாணம், பிள்ளைப்பேறு, செத்தவீடு எதுவாயினும் யாராவது ஒருவர் பறந்தாக வேண்டும்.

ஆபத்துக்குப் பயந்து பயணத்தை விட்டவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. 1986 மே 3ஆம் திகதி, லண்டனிலிருந்து வந்து மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயார் லங்கா விமானத்தில் கட்டுநாயக்கவில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தனர். 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் பறந்த லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் தப்பவில்லை. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையமே தாக்கப்பட்டு, ஸ்ரீலங்கன் விமான சேவையின் விமானங்கள் எரிந்தன. ஒவ்வொரு முறையும் பயணம் தடைப்பட்டது, பிறகு ஆட்கள் மறுபடி பறந்தார்கள். குண்டுக்கு அசையாத இந்தப் பழக்கத்தை ஒரு காய்ச்சல் நிறுத்தியது எப்படி என்று பார்க்கும்போது, நோயைவிட நோயின் பேரால் எழுந்த ஏற்பாடுகளே முன்னால் வந்து நிற்கின்றன.

அந்த ஏற்பாடுகளின் வேர் பழையது. 2020இல் தனிமைப்படுத்தல் கட்டளைகள் பிறப்பிக்கப்பட்டது 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான். பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில், அது கடல் கடந்து வந்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்த சட்டம் அது. பிளேக் 1914இல் கொழும்புக்கு வந்தே விட்டது. அரிசி மூட்டைகளோடு வந்த எலிகளும் தெள்ளுகளும் துறைமுகத்தை அண்டிய நெருக்கமான தெருக்களில் அதைப் பரப்பின. அதே ஆண்டில்தான் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியது.

தோட்டங்களுக்கு ஆள் தேவை, ஆளோடு நோய் வரக்கூடாது. இந்த இரண்டு கவலைக்கும் நடுவில் உருவானவை தனிமைப்படுத்தல் முகாம்கள். தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையிலும், கொழும்புக்கு வடக்கே ராகமையிலும், பின்னர் இராமநாதபுரக் கரையில் மண்டபத்திலும் அவை இயங்கின. மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். தோட்டத்துக்குப் போகும் தொழிலாளர் அங்கே நாட்கணக்கில் நிறுத்தப்பட்டனர். அவர்களின் உடுதுணிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. சுகாதார நோக்கில் இதில் நியாயம் உண்டு. ஆனால் சுமை முழுவதும் ஏழைப் பயணியின் தலையில்தான் விழுந்தது. அதே முகாம் 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தமிழரையும், 1983இன் பின் அகதிகளையும் ஏற்றுக்கொண்டது. பயணம் என்றால் இடையில் ஒரு முகாம் உண்டு என்ற அனுபவம் இலங்கைத் தமிழருக்கு, வர்க்கம் மாறினாலும், புதிதல்ல.

கொவிட் காலத்தில் முகாமுக்குப் போகும் ஆட்கள் மாறினார்கள். இம்முறை சந்தேகத்துக்குரியவர் விமானத்தில் வந்திறங்கியவர். நாட்டின் முதல் தொற்றாளர் 2020 ஜனவரி 27ஆம் திகதி அடையாளம் காணப்பட்ட சீனச் சுற்றுலாப் பயணி. அவர் அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலையில் குணமாகி வீடு திரும்பினார். பெப்ரவரி முதலாம் திகதி வூஹானிலிருந்து அழைத்துவரப்பட்ட 33 மாணவர்கள் தியத்தலாவை இராணுவ முகாமில் இரண்டு வாரம் வைக்கப்பட்டார்கள். மார்ச் 10ஆம் திகதியிலிருந்து இத்தாலி, தென்கொரியா, ஈரான் நாடுகளிலிருந்து வந்தவர்கள் புணானை, கந்தக்காடு முதலிய இடங்களின் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குப் பேருந்துகளில் கொண்டு செல்லப்பட்டார்கள். உள்நாட்டில் முதலில் தொற்று உறுதியானவர் இத்தாலியக் குழுவொன்றுக்கு வழிகாட்டியாக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் முதல் பரவலும் வெளிநாட்டுப் பயணத்தோடு பிணைந்திருந்தது: சுவிற்சர்லாந்திலிருந்து வந்த மதபோதகர் ஒருவர் மார்ச் 15ஆம் திகதி அரியாலையில் நடத்திய ஆராதனையில் கலந்துகொண்டோர் தேடித் தேடித் தனிமைப்படுத்தப்பட்டனர்.

அண்மையில் நோய் பரவிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிவுசெய்ய வேண்டும் என்று அரசு அறிவித்தது. சுகாதாரத் துறைக்கு அது பட்டியல் தயாரிக்கும் வேலைதான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படி மட்டும் விளங்கிக்கொள்வது எளிதல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் இந்தப் பகுதிகளின் லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் நினைவில் இருந்த தெருக்கள் அவை. பதிவு, இராணுவம், பேருந்து மூன்றும் ஒன்றாக வரும்போது உண்டாகும் தயக்கத்தை நோய் அறியாமை என்று ஒதுக்குவது சரியாகாது.

அண்டை அயலாரின் பார்வை இன்னொரு காரணம். 2020 ஜூலை தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து திரும்பித் தனிமைப்படுத்தலை முடித்துவிட்டு, கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டியில் வீட்டில் இருந்த கப்பல் பணியாளர் ஒருவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் வசித்த நூற்றுக்கும் மேற்பட்ட அயலவர்கள் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒருவர் பயணம் செய்ததற்குத் தெருவே முகாமுக்குப் போனது. இதற்குப் பிறகு, 'வாறன்' என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னவர்களுக்கு 'இப்ப வராதை, பொறுத்து வா' என்ற மறுமொழி வீட்டிலிருந்தே போனதில் வியப்பில்லை.

தயக்கத்தைப் பற்றிய உலகக் கணக்கும் இதையொட்டியே இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2020 ஜூனில் பதினொரு நாடுகளில் பயணிகளிடம் கேட்டபோது, பயணத்தில் தொற்றிவிடும் என்று கவலைப்பட்டோர் 84 வீதம், தனிமைப்படுத்தலில் மாட்டிக்கொள்வோம் என்று கவலைப்பட்டோர் 85 வீதம். தனிமைப்படுத்தலை ஏற்கச் சம்மதித்தோர் 17 வீதம் மட்டுமே. இலங்கை அந்தப் பதினொன்றில் இல்லை. ஆனாலும் கொழும்பில் நடந்ததைப் பார்த்தால் அந்த விகிதம் இங்கு குறைந்திருக்கும் என்று தோன்றவில்லை.

விமானத்துக்குள் இருந்த காற்றைப் பற்றிய அச்சம் ஓரளவு நியாயமானது, ஓரளவு மிகையானது. பெரிய ஜெட் விமானங்களில் காற்று மணிக்கு 20 முதல் 30 தடவை வரை மாறுகிறது. மீளச் சுழலும் பகுதி, நுண்துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கும் வடிகட்டிகள் வழியாகப் போகிறது. ஒரு சாதாரண பேருந்திலோ அலுவலகத்திலோ இந்த ஏற்பாடு கிடையாது. ஆயினும் பக்கத்து இருக்கைக்காரர் தும்மும்போது வடிகட்டி குறுக்கே வந்து நிற்காது. 2020 மார்ச் 1ஆம் திகதி லண்டனிலிருந்து ஹனோய்க்குப் புறப்பட்ட வியட்நாம் எயார்லைன்ஸ் விமானத்தில், இருமலோடு ஏறிய ஒரு பயணியிடமிருந்து 15 பேருக்குத் தொற்றியதாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. அப்போது முகக்கவசம் கட்டாயமாகவில்லை. முகக்கவசம் வந்த பிறகும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை: அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் துபாயிலிருந்து நியூசிலாந்துக்குப் போன நீண்ட பயணத்தில், பலர் கவசமும் கையுறையும் அணிந்திருந்தும் ஏழு பேரைக் கொண்ட தொற்றுக்கூட்டம் ஒன்று பதிவாயிற்று.

கொழும்பிலிருந்து போவோருக்கு இது கூடுதல் பொருத்தமுடையது. டொரொன்டோவுக்கோ லண்டனுக்கோ போவோரில் பெரும்பாலானோர் டோஹாவிலோ துபாயிலோ இறங்கி மாறவேண்டும். கட்டுநாயக்கவில் வரிசை, விமானத்தில் பல மணி நேரம், நடுவழி நிலையத்தில் உலகின் எல்லாத் திசையிலிருந்தும் வந்தவர்களோடு காத்திருப்பு, மறுபடி விமானம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கவசத்தைக் கழற்றுவார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதுத் தாயை இந்தப் பாதையில் தனியே அனுப்பப் பிள்ளைகள் தயங்கியதில், வடிகட்டிப் புள்ளிவிபரம் எதையும் மாற்றியிராது. அத்துடன், தூரதேசத்தில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியும் இருந்தது. தொற்றுப் பரவலை விலக்கி எழுதிய பழைய பயணக் காப்புறுதிகள் அங்கே கைகொடுக்கவில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் விட வலுவான தடை, போனால் திரும்ப முடியுமா என்பது. 2020 மார்ச்சில் சென்னைக்கும் மதுரைக்கும் வைத்தியத்துக்கோ கோயில் யாத்திரைக்கோ கலியாணச் சாமான் வாங்கவோ போயிருந்தவர்கள் இதை முதலில் அனுபவித்தார்கள். மார்ச் பிற்பகுதியில் இந்தியா தன் சர்வதேசப் பயணிகள் சேவையை நிறுத்தியது. வழமையான சேவை மீண்டது 2022 மார்ச் 27ஆம் திகதி. இடையில் இலங்கைக்குத் திரும்ப வெளிநாட்டமைச்சின் அனுமதியும், சிறப்பு விமானத்தில் இடமும் வேண்டும். ஏப்ரல் பிற்பகுதியில் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் படித்த மாணவர்களோடு அழைத்துவரும் பணி ஆரம்பமானது. மே இறுதியில் குவைத்திலிருந்து வந்த தொழிலாளர் பலருக்குத் தொற்று இருந்ததும் அந்தப் பணி தடுமாறியது. இராணுவ நிலையத்தில் இடம் கிடைத்தால் இலவசம், இல்லாவிட்டால் சொந்தச் செலவில் ஹோட்டல் தனிமைப்படுத்தல். வளைகுடாவில் வேலை இழந்து திரும்பும் ஒருவருக்கு டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்ந்து மாதச் சம்பளங்களை விழுங்கின. சொந்த நாட்டுக்குள் வர அனுமதி கேட்டுக் காத்திருக்க நேர்ந்ததுதான் அந்த ஆண்டின் மிகக் கசப்பான பாடம் எனலாம். நோயைத் தடுக்க எல்லையைக் கட்டுப்படுத்துவது ஒன்று. தன் குடிகளை மாதக்கணக்கில் வெளியே நிறுத்திவைப்பது வேறொன்று.

2020 ஒக்டோபரில் நிலைமை திரும்பியது. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், அதைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தையிலும் பெரும் தொற்றுப் பரவல் வெளிப்பட்டது. மீன் சந்தையோடு நாளாந்தம் தொடர்புள்ள வட கொழும்பில் அது விரைவாகப் பரவியது. ஒக்டோபர் 22ஆம் திகதி கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ் முதலிய பொலிஸ் பிரிவுகள் மூடப்பட்டன. சில தெருக்களும் தொடர்மாடிகளும் வாரக்கணக்கில் திறக்கவில்லை. இப்போது வெளியிலிருந்து வருபவரைவிட உள்ளே இருப்பவரே நோயோடு சேர்த்துப் பேசப்பட்டார். வெளிநாட்டிலிருந்து வரக்கூடியவர்களும் முடக்கப்பட்ட தெருவுக்கு வந்து என்ன செய்வது என்று பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

பயணத்துக்கான காரணங்களில் மிக அவசரமானது சாவு. அதுவே அந்தக் காலத்தில் பொருளற்றுப் போனது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் பிள்ளைகள் வந்துசேரும்வரை உடலை மலர்ச்சாலையில் வைத்திருப்பது முப்பது ஆண்டாக நிலைத்துவிட்ட வழக்கம். கொவிட்டால் இறந்தவரின் உடல் 24 மணி நேரத்துக்குள் எரிக்கப்பட வேண்டும் என்று விதி வந்ததும் அது நின்றது. டொரொன்டோவிலிருந்து புறப்படுபவர் கட்டுநாயக்கவில் இறங்குமுன் சாம்பல் ஆறியிருக்கும். அதன் பின் அவருக்கு 14 நாள் தனிமை. எட்டுச் செலவும் அதற்குள் தவறிவிடும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மட்டும் வந்துசேரலாம். பலர் கைபேசித் திரையில் கொள்ளி வைப்பதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முஸ்லிம்களுக்கும், புதைக்கும் வழக்கமுள்ள கிறிஸ்தவர்களுக்கும் இது இன்னும் கடுமையானது. உலக சுகாதார நிறுவனம் புதைப்பதையும் அனுமதித்திருந்தபோதிலும், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அது மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் முதல் நல்லடக்கங்கள் நடந்தன. கொட்டாஞ்சேனை, புதுக்கடைப் பக்கத்து முதியவர்கள் நோய்க்கு மட்டுமல்ல, வைத்தியசாலைக்கே அஞ்சினார்கள். அந்த நிலையில் வெளிநாட்டிலுள்ள உறவினர் வருவதை யாரும் விரும்பியிருக்க முடியாது. இந்த விதிக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கவில்லை என்பதும், அதனால் ஏற்பட்ட காயம் தொற்றைவிட நீடித்தது என்பதும் இன்று அநேகமாக எல்லோரும் ஏற்பவை.

2021 ஜனவரியில் திறந்த நிலையம் பழைய நிலையம் அல்ல. சுற்றுலாப் பயணி அனுமதிபெற்ற ஹோட்டலில் தங்கவேண்டும். முதல் 14 நாட்களும் குறிப்பிட்ட இடங்களைச் சுற்றிப் பார்க்கலாம், உள்ளூர் மக்களோடு கலக்கக்கூடாது. சிகிரியாவைப் பார்க்க வந்த உக்ரேனியருக்கு இது பொருந்தும். வெள்ளவத்தையில் அம்மாவைப் பார்க்க வந்தவருக்கு, கொழும்பிலேயே இறங்கியும் அம்மாவைப் பார்க்காமல் இரண்டு வாரம் இருக்கும் விசித்திரம்தான் மிச்சம். நான்கு வார விடுமுறையில் பாதி போய்விடும்.

மறுபக்கத்திலும் விதிகள் இறுகின. கனடா 2021 ஜனவரி 7ஆம் திகதியிலிருந்து புறப்படுமுன் பிசிஆர் முடிவைக் கேட்டது. பெப்ரவரி 22 முதல் ஓகஸ்ட் தொடக்கம் வரை வந்திறங்கியோர் தம் செலவில் ஹோட்டலில் தங்கவும் நேர்ந்தது. பிரித்தானியாவில் உருமாறிய வைரஸ் தெரிந்ததும் 2020 டிசம்பரில் இலங்கை அந்த நாட்டுப் பயணிகளைத் தடுத்தது. 2021 மே 6ஆம் திகதி இந்தியப் பயணிகளும், மே 21 முதல் 31 வரை வருகையாளர் அனைவரும் தடுக்கப்பட்டனர். ஜூன் 8ஆம் திகதி பிரித்தானியா இலங்கையைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன்படி கொழும்பிலிருந்து திரும்பும் பிரித்தானியக் குடிகள் பத்து நாள் ஹோட்டலில் தங்க ஒருவருக்கு 1,750 பவுண் செலுத்தவேண்டியிருந்தது. ஓகஸ்ட் 12ஆம் திகதி அது 2,285 பவுணாயிற்று. பட்டியலிலிருந்து இலங்கை நீங்கியது செப்டம்பர் 22ஆம் திகதி. லண்டனில் பேருந்து ஓட்டியோ கடை நடத்தியோ பிழைக்கும் குடும்பத்துக்கு, நான்கு பேருக்கு டிக்கெட் போட்டு வந்து போகும் செலவோடு இதையும் சேர்த்தால், அந்தக் கோடை விடுமுறைப் பயணம் கணக்கிலேயே முடிந்துவிடும்.

அறிவித்தல் ஒரு சில நாட்களில் மாறியதுதான் தொகையைவிடப் பெரிய இடைஞ்சல். முகவர் நிலையங்கள் டிக்கெட் விற்பதைவிட திகதி மாற்றுவதிலும், பணத்தைத் திருப்பி வாங்கித் தருவதிலும், ஒவ்வொரு நாட்டின் விதியைப் படித்துச் சொல்வதிலும் நேரம் செலவிட்டன. விமான நிறுவனங்கள் பல பணத்துக்குப் பதிலாகப் பின்னர் பயன்படுத்தும் வவுச்சர் கொடுத்தன. ஒருமுறை வவுச்சரில் பணம் முடங்கியவர் மறுமுறை டிக்கெட் எடுக்க யோசித்தார்.

தடுப்பூசி வந்ததும் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. 2021 ஜனவரி 29ஆம் திகதி கொவிஷீல்டோடு இலங்கையில் ஊசி ஏற்றல் தொடங்கியது. இந்தியாவிலிருந்து வரத்து நின்றதும் மே மாதத்திலிருந்து பெரும்பாலானோருக்கு சைனோபாம் ஏற்றப்பட்டது. பிள்ளைகளைப் பார்க்கப் போகவிருந்த பெற்றோர் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்ட பிறகே தெரிந்தது, அந்த ஊசி பல மேலைநாடுகளின் பட்டியலில் இல்லை என்று. பிரித்தானியா 2021 நவம்பர் 22ஆம் திகதியும் கனடா நவம்பர் 30ஆம் திகதியும்தான் சைனோபாமை ஏற்றன. எந்த ஊசியைப் போட்டால் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பது அந்த ஆண்டு முழுவதும் வெள்ளவத்தை வீடுகளில் வைத்தியரிடம் கேட்கும் கேள்வியாக இருந்தது. அது வைத்தியர் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

தளர்வு 2021 இறுதியில் வந்தது. 2022 மார்ச் முதலாம் திகதியிலிருந்து இரு தடுப்பூசியும் பெற்றவர்களுக்கு முன்பரிசோதனை தேவையில்லாமல் போனது. அதற்குள் பொருளாதாரம் சரிந்துவிட்டது. எரிபொருள் இல்லாமல் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்ட விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எண்ணெய் நிரப்பின. இரண்டு ஆண்டு பறக்கத் தயங்கிய நாட்டில் பத்தரமுல்லை கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன் இரவோடிரவாக வரிசை நின்றது. 2022இல் மட்டும் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. வெள்ளவத்தை முகவர் நிலையங்களுக்குக் கூட்டம் திரும்பியது, ஆனால் பெரும்பாலும் ஒருவழி டிக்கெட் கேட்டு. தொற்று பற்றிய பேச்சு அதற்குள் ஏறத்தாழ ஓய்ந்திருந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன சென்னை - பலாலி சேவை 2022 டிசம்பர் 12ஆம் திகதி மறுபடி தொடங்கிற்று. அதோடு, சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் யாழ்ப்பாணத்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொழும்பில் லொட்ஜ் எடுத்துத் தங்கும் தேவையும் இல்லாமற் போனது.